பட்டன் தங்கச்சிக்காக ஜெபிக்கவும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பொய் சொல்ல வசதியாக இருக்கும். இந்தக் கதை எங்கள் வீட்டுக் குளியலறையில் பிறந்தது.

எழுதியதைச் சத்தம் போட்டுப் படித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் திருப்தி வராது. என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்கிற ஒரே இடம் குளியலறைதான். கதவைத் தாழ் போட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, அழ வேண்டிய வரியில் அழுது, விம்ம வேண்டிய வரியில் விம்மிப் படிப்பேன். அன்றைக்குப் படித்தது இது:

"ஆண்டவரே, இதுதான் கடைசி. இனிமே உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன். அவர் போன கப்பல் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். சொல்ல மனசில்லன்னா விடுங்க. நானும் விட்டுட்டேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தால், எதிரே அண்ணி. என் கணவரின் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடமும் உண்டு. எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. எங்களுடைய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தவர், அதைக் கையில் பிடித்தபடியே கண் கலங்கி நின்றார்.

"யாருடி போன்ல? இப்படி அழுவுறா?"

புத்தியுள்ள எவளும் "கதை, அண்ணி" என்று சொல்லியிருப்பாள். ஆனால் நீங்களே யோசியுங்கள். கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கிற ஒருத்தி, பட்டப்பகலில், பக்கெட் மேல் உட்கார்ந்து, தனக்குத் தானே அழுதுகொண்டிருந்தாள் என்பதை நாத்தனாரிடம் சொல்ல முடியுமா? நான் அசடு வழிந்தேன்.

"தெரிஞ்ச பொண்ணு, அண்ணி."

"புருஷன் கப்பல்லயா வேலை பாக்கறான்?"

"ம்."

"தகவலே இல்லையா?"

"ம்."

"ஐயோ, அதுக்காக ஜெபம் பண்றதையே விட்டுட்டேங்கறாளே!"

"ம்."

அந்த முதல் வரிக்குப் பிறகு வாயைத் திறந்துகூட நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். வாயை மூடிக்கொண்டே மாட்டிக்கொண்டேன்.

2

கதையின் தொடக்கம். முதல் முயற்சி:

கடல் ஒரு —

வேண்டாம். "கடல் ஒரு" என்று ஆரம்பித்த எந்தக் கதையும் உருப்பட்டதில்லை. அடுத்த முயற்சி:

அவளுடைய கணவன் கப்பலேறிய நாளில் மழை —

மழையும் வேண்டாம். மூன்றாவது:

ரெடிமேட் சட்டைக் கம்பெனியின் பட்டன் பிரிவில் அவள் வேலை பார்த்தாள். சட்டையின் முன்பட்டியை மெஷினுக்கு அடியில் நகர்த்தி, நாலு ஓட்டைப் பட்டனை இடுக்கியில் வைத்துப் பெடலை மிதித்தால், ஊசி தடதடவென்று இறங்கி ஏறும். நூல் தானே அறுந்துகொள்ளும். அடுத்த பட்டன். நாளெல்லாம் மற்றவர்களுடைய கணவன்மார் போடப்போகும் சட்டைகள்.

இது தேறும். கடைசி வரியில் கொஞ்சம் ஒப்பாரி வாடை அடிக்கிறது, ஆனால் இருக்கட்டும்.*

(* என் பிழைப்பு இதுவல்ல. இஸ்திரிப்பெட்டி, துணி துவைக்கிற மெஷின் வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு சின்னப் புத்தகம் கிடக்குமே, நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுவீர்களே, அதை எழுதுகிறவள் நான். "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்பது என்னுடைய வரி. என் எழுத்திலேயே அதிகப் பிரதிகள் போனது அதுதான்.)

அவளுக்கு நான் வைத்திருந்த கதி என்ன? கணவன் சரக்குக் கப்பலில் போகிறான். வாராவாரம் பேசுகிறவன் திடீரென்று பேசுவதில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் "விசாரிக்கிறோம்" என்கிறார்கள். அவள் கேட்கிறாள், கேட்கிறாள், மேலே இருப்பவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. கடைசியில் கேட்பதை விட்டுவிடுகிறாள்.

கதை கேட்டிருந்த பத்திரிகை ஆசிரியருக்குப் போனில் இதைச் சொன்னேன். குஷியாகிவிட்டார்.

"அப்படியே பைபிளை மூடி வெச்சிட்டு வேலைக்குக் கிளம்பறாங்க மேடம். கதவு சாத்தற சத்தம். அதோட நிறுத்திடுங்க. பிரமாதம்!"

அவருக்குக் கதவென்றால் உயிர். அவர் பத்திரிகையில் கதவு சாத்தாமல் கதை முடிந்து நான் பார்த்ததில்லை.

3

புதன்கிழமை மதியம் அண்ணி கடையின் ஷட்டரைப் பாதி இறக்குவார். பின்பக்கம் கண் சோதிக்கிற அறையில் ஜெபக்குழு கூடும். சுவரில் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துப் பலகை, மேசையில் லென்ஸ் பெட்டி, நடுவில் கண் சோதிக்கிற உயரமான நாற்காலி. அதில் யார் உட்கார்ந்தாலும் நோயாளி போல இருக்கும் என்பதால், கடைசியாக வருகிறவருக்குத்தான் அது. நான்தான் எப்போதும் கடைசி.

குழுவில் மொத்தம் நாலு பேர். அண்ணி தலைவி. ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர். யாருக்காக ஜெபித்தாலும் அவருக்கு நோயின் முழு விவரமும் வேண்டும். ஆண்டவருக்கே கேஸ் ஷீட் வாசித்துக் காட்டுவார். மூன்றாவது, பிரேக் அக்கா. நாலாவது நான். அண்ணி இழுத்துக்கொண்டு வருவதால் வருகிறேன். "ஆமென்" மட்டும் என் இலாகா.

பிரேக் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதித்து மிதித்து அவர் வலது கால் சும்மாவே இருக்காது. பஸ்ஸில் மிதிப்பார், சபையில் மிதிப்பார். பிரசங்கம் நீண்டால் இரண்டு மிதி கூடுதலாக விழும். அவர் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. பேச்சும் போய்விட்டது. "அவர் எப்படிக்கா இருக்கார்?" என்று கேட்டு முடிப்பதற்குள் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கார்" என்று பதில் வந்துவிடும். அதற்கு மேல் கேட்க முடியாது. எங்கள் குழுவில் ஜெபம் என்றால் அவர் ஜெபம்தான். வீட்டில் எங்களைப் போல "என்னடி, வாடி" என்று பேசுகிற மனுஷி, கண்ணை மூடினால் அச்சுத் தமிழுக்கு மாறிவிடுவார். நிற்காமல், திக்காமல், மேடு பள்ளம் இல்லாமல் ஓடும். நான் வாய் பிளந்து கேட்பேன்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று என்னிடம் முன்னமே கேட்டு வைத்திருந்த அண்ணி, அன்றைக்கு ஜெபக்குறிப்பு சொன்னார். "இவளுக்குத் தெரிஞ்ச தங்கச்சி ஒருத்தி. பட்டன் தைக்கிற வேலை. புருஷன் கப்பல்ல போய்த் தகவலே இல்ல. கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு, இனிமே கேக்கவே மாட்டேன்னுட்டா."

"பேரு?" என்றார் நர்ஸம்மா.

"அது... சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டா," என்று மென்று விழுங்கினேன்.

"சரி, பட்டன் தங்கச்சின்னு வெச்சுப்போம்," என்றார் அண்ணி. ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். நான் படைத்த பாத்திரம் என் கண் முன்னாலேயே ஞானஸ்நானம் வாங்கிவிட்டது.

நியாயமாக அப்போதே எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? பயம் பாதி. மீதிப் பாதி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்! எந்த விமர்சகராவது என் கதாபாத்திரத்துக்காக முழங்கால் போட்டிருக்கிறாரா? இங்கே நர்ஸம்மா மூட்டு வலியோடு போடுகிறார்! உச்சி குளிர்ந்துபோய் உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பிரேக் அக்காவின் முறை வந்தது.

"கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உம்மை... உம்மை..."

நின்றுவிட்டார். அவருக்கு ஜெபம் நின்று நான் பார்த்ததே இல்லை. அண்ணிகூட லேசாகத் தலையைத் தூக்கினார்.

"அவளை விட்டுடாதீங்க," என்றார் பிரேக் அக்கா. குரலே வேறு மாதிரி இருந்தது. "அவ விட்டுட்டேன்னு சொன்னாலும் நீங்க விட்டுடாதீங்க. அவளுக்கு முடியல. அவ்வளவுதான். கெட்டவ இல்ல. அலுத்துப் போச்சு அவளுக்கு. நீங்க பாத்துக்குங்க."

அவர் கால் ஒரு தடவைகூட அசையவில்லை. ஏனென்று தெரியவில்லை, ஆனால் இது விளையாட்டு இல்லை என்று மட்டும் புரிந்தது.

4

அடுத்த வாரம் விவகாரம் கைமீறியது.

"கப்பல் பேர் என்ன?" என்றார் நர்ஸம்மா. "என் மருமகன் துறைமுக ஆபீஸ்லதான் இருக்கான். ஒரு நிமிஷத்துல பாத்துச் சொல்லிடுவான்."

திருதிருவென்று விழித்தேன். எதிர் அலமாரியில் கம்பெனிப் பெயர் போட்ட மூக்குக்கண்ணாடிக் கூடுகள் அடுக்கியிருந்தன. "மூன்லைட்" என்றேன். அதே அலமாரியிலிருந்து அந்தக் கூடுகளை நாள் முழுக்க எடுத்து விற்கிற அண்ணி, "ஆகா, நல்ல பேராச்சே" என்றார்.

மறுநாளே நர்ஸம்மா போன் செய்தார். குரலில் உயிரே இல்லை. "எந்தப் பதிவுலயும் அப்படி ஒரு கப்பல் இல்லையாம்மா."

அப்பாடா என்றிருந்தது. இனி எல்லாம் தானாகவே வெளிவந்துவிடும், நான் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் விசுவாசிகளை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். செய்தி அண்ணியிடம் போனது.

"பதிவுலயே இல்லையா? அப்ப எங்கயோ கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருக்காங்கடி! கடத்தல்!" என்றவர், மூச்சு வாங்கிவிட்டு, "சனிக்கிழமை உபவாசம். காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும். தண்ணி மட்டும்," என்று அறிவித்தார்.

இல்லாத கப்பலில் போன இல்லாத மனிதனுக்காக மூன்று பெண்கள் பட்டினி கிடக்கப் போகிறார்கள். நாலாவது நானும்.

5

இதற்கு நடுவில் பிரேக் அக்கா தினமும் போன் செய்ய ஆரம்பித்தார். வகுப்பு நடுவிலேயே செய்வார்.

"ஏதாவது தகவல் வந்துச்சாடி? கிளட்ச்ச விடு, கிளட்ச்ச விடு! உன்னை இல்லம்மா. அவ சாப்பிடறாளா?"

அவள் சாப்பிடுகிறாளா? நான் யோசித்ததே இல்லை. கதையில் அவளை மூன்று பக்கம் அழவிட்டிருந்தேன், ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

"சாப்பிடறான்னுதான் நினைக்கிறேன்க்கா."

"நினைக்கிறியா? போய்ப் பாரு! ராத்திரி தூங்கறாளா? பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஐயோ லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல!"

போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அதாவது, உட்கார்ந்து எழுதினேன். அவள் மதிய இடைவேளையில் பெடல் மேல் காலை வைத்தபடியே ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். பாதியை மடித்து வைத்தாள். பக்கத்து மெஷின்காரி ஒன்றும் கேட்காமல் தன் தேநீரில் பாதியை அவளுக்கு ஊற்றினாள். இதெல்லாம் என் திட்டத்தில் இல்லாதவை. பிரேக் அக்கா கேட்கக் கேட்கத்தான் அந்தப் பெண்ணுக்கு வயிறு வந்தது, பசி வந்தது, பக்கத்தில் ஒரு ஆள் வந்தது. உண்மையைச் சொன்னால், என் பட்டன் தங்கச்சி அதுவரை வெறும் சட்டை. உள்ளே ஆள் இல்லை.

இன்னொரு நாள் அக்கா மெதுவாகச் சொன்னார்: "அவகிட்ட ஒண்ணு சொல்லிடு. அவ ஜெபம் பண்ண வேண்டாம். நாங்க பண்றோம். அவ சும்மா இருக்கட்டும், போதும்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன், காகிதத்தில்.

ஆசிரியர் அவசரப்படுத்தியதால் முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அவள் பைபிளை மூடினாள். செருப்பை மாட்டினாள். கதவு —

"கதவு" என்ற இடத்தில் போன் அடித்தது. "தகவல் வந்துச்சா?" தாளைக் கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: தாடியும் மீசையுமாகக் கணவன் வாசலில் நிற்கிறான், தோளில் பை. எழுதும்போதே எனக்கு ஆனந்தக் கண்ணீர். ஆனால் இதைச் சொன்னால் அண்ணி கேக் வெட்டுவார். "ரெண்டு பேரையும் சபைக்குக் கூட்டிட்டு வா, சாட்சி சொல்லட்டும்" என்பார். ஜோடிக்கு நான் எங்கே போவேன்? என் கணவருக்குத் தாடி வளர்த்து நிறுத்தலாமா என்றுகூட யோசித்தேன். அவரைத்தான் அண்ணிக்குப் பிறந்ததிலிருந்து தெரியுமே.

முடிவு இ: அவள் முழங்காலில் விழுந்தாள். அப்போது வானத்திலிருந்து —

வேண்டாம். என் கதைகளில் மேலேயிருந்து விழுவது ஒட்டடை மட்டும்தான்.

6

சனிக்கிழமை. பசி.

மத்தியானத்துக்கு மேல் கண் சோதிக்கிற அறையில் ஜெபத்தைவிட வயிறுகள்தான் சத்தம் போட்டன. நர்ஸம்மாவின் வயிறு கர்ரென்று கேட்டால் அண்ணியின் வயிறு பதில் சொல்லும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குலுங்குகிற தோளைப் பார்த்து, நான் பாரத்தோடு அழுகிறேன் என்று அண்ணி முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தத் தடவலில்தான் நான் உடைந்துபோனேன்.

"பட்டன் தங்கச்சி இல்ல," என்றேன்.

"ஐயோ! போயிட்டாளா!" நர்ஸம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"போகல. அவ... இருந்ததே இல்ல. கதை. நான் எழுதுற கதை. கப்பல், புருஷன் எல்லாம் நானே எழுதினது. மன்னிச்சிடுங்க."

வயிறுகள்கூட நிறுத்திக்கொண்டன.

"அப்ப அன்னைக்குப் போன்ல அழுதது?" என்றார் அண்ணி.

"போனே இல்ல அண்ணி. நான்தான். குளியலறைல. பக்கெட் மேல உக்காந்து..."

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூன்லைட்..." என்று முணுமுணுத்தார். திரும்பி அலமாரியைப் பார்த்தார். கூடுகள் வரிசையாக அவரைப் பார்த்தன.

"அடிப் பாவி!"

"என் மருமகன் மேலதிகாரிகிட்ட வேற சொல்லிட்டான்!" என்று அலறினார் நர்ஸம்மா. "நாலு துறைமுகத்துக்குத் தகவல் போயிருக்கு! ஆபீஸே தேடிட்டிருக்கு!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. பசி மயக்கமாகவும் இருக்கலாம். அண்ணி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

பிரேக் அக்கா சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, பாதி இறக்கிய ஷட்டருக்குக் குனிந்து வெளியே போய்விட்டார்.

7

இந்த இடத்தில் கதையை எப்படிக் கொண்டுபோவது என்று எனக்கு ஒரு யோசனையும் இல்லை. பாத்திரம் கோபித்துக்கொண்டால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். மனுஷி கோபித்துக்கொண்டால் பின்னால் ஓடத்தான் வேண்டும். ஓடினேன்.

அவர் காருக்குள் இருந்தார். பழக்கதோஷத்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்காராமல், தன்னுடைய வழக்கமான பக்கத்து இருக்கையில். எனவே நான் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. எனக்கு ஓட்டத் தெரியாது. வண்டி நின்றுகொண்டிருந்தது என்பது ஆறுதல்.

"என்னை வெச்சா எழுதின?" என்றார் ரோட்டைப் பார்த்தபடி.

"உங்களையா? இல்லக்கா, சத்தியமா இல்ல. எதுக்குக் கேக்கறீங்க?"

அவர் கால் ஒரு தடவை பிரேக்கை மிதித்தது.

"அவர் விழுந்தப்ப எப்படிக் கேட்டேன் தெரியுமா? தரையில உருண்டு கேட்டேன். எந்திரிச்சு நடக்கணும்னு கேட்டேன். அப்புறம் பேசினாப் போதும்னு கேட்டேன். அப்புறம் என் பேரை ஒரு தடவை சொன்னாப் போதும்னு கேட்டேன். ஒண்ணும் வரல. ஒரு நாள் நின்னு போச்சு. கோவம்கூட இல்லடி. வறண்டு போச்சு. உங்ககூட உக்காந்து ஜெபம் பண்றேனே, அதெல்லாம் வாய். மனப்பாடம். தூக்கத்துல எழுப்பினாலும் வரும். உள்ள ஒண்ணுமே இல்ல."

நான் வாய் பிளந்து கேட்ட அத்தனை ஜெபங்களும்!

"யார்கிட்ட சொல்றது? உங்க அண்ணிகிட்டயா? அடுத்த புதன்கிழமை நானே ஜெபக்குறிப்பு ஆயிடுவேன். அப்பதான் உங்க அண்ணி சொல்றாங்க, ஒருத்தி இனிமே கேக்க மாட்டேன்னுட்டான்னு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? என்னை மாதிரி இன்னொருத்தியும் இருக்கா! எனக்குன்னு கேக்க வரல. அவளுக்குன்னு வந்துச்சு. உள்ளருந்து வந்துச்சு. அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். நல்லா அழுதேன்." என் பக்கம் திரும்பினார். "இப்ப வந்து அவ இல்லங்கற."

"மன்னிச்சிடுங்கக்கா. நீங்க கேட்டதெல்லாம் வீணாப் போச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். பக்கென்று சிரித்துவிட்டார்.

"லூசு! வீணா எங்க போச்சு? நாலு பேரும் சேந்து அவளுக்காகக் கேட்டோமே. அந்த ரூம்ல அவளை மாதிரி உக்காந்திருந்தது யாரு? நான்தானே? எனக்குத்தான்டி வந்து சேந்திருக்கு! ரெண்டு வாரமா மூணு பேர் எனக்காக ஜெபம் பண்ணியிருக்கீங்க, எனக்கே தெரியாம. எனக்காக நானே உபவாசம் வேற இருந்திருக்கேன்!"

அதற்கு மேல் இரண்டு பேராலும் முடியவில்லை. வண்டியே ஆடியது. நான் தெரியாமல் ஹாரனில் கை வைத்துவிட, அது அலறியது. அக்கா அனிச்சையாகப் பிரேக் போட்டார். நின்றுகொண்டிருந்த வண்டியில்! அண்ணி ஷட்டருக்குக் கீழேயிருந்து தலையை நீட்டி, "ரொட்டி ஆறுது, சாப்பிட வாங்கடி!" என்று கத்தினார்.

இறங்குவதற்கு முன் அக்கா என் கையைப் பிடித்தார்.

"கதையை முடிச்சிட்டியா?"

"இல்ல. நாலு நாள்ல கொடுக்கணும்."

"முடிச்சிடாத. இப்பதான் எனக்கு வர ஆரம்பிச்சிருக்கு. நீ பாட்டுக்கு அவனைக் கொண்டுவந்து சேத்துட்டா நான் யாருக்காகக் கேப்பேன்? சாகடிச்சிட்டாலும் அதேதான். அவ காத்துக்கிட்டே இருக்கட்டும். நானும் கூட இருக்கேன்."

8

அடுத்த புதன்கிழமை அண்ணி இப்படி ஆரம்பித்தார்: "ஆண்டவரே, பட்டன் தங்கச்சி இல்லங்கறது உமக்கு முதல்லயே தெரியும். எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." நர்ஸம்மா ஆமென் என்றார், கொஞ்சம் அழுத்தியே.

பிரேக் அக்கா முறை வந்ததும், "பட்டன் தங்கச்சிய இன்னைக்கும் பாத்துக்குங்க" என்றார். பிறகு நிறுத்தி, மூச்சு இழுத்து, "அவர் நல்லா இல்ல ஆண்டவரே," என்றார். "எல்லார்கிட்டயும் நல்லா இருக்கார் நல்லா இருக்கார்னு சொல்லிட்டேன். நல்லா இல்ல. எனக்கும் முடியல. ஆனா கேக்கறேன். இன்னைக்குக் கேக்கறேன். நாளைக்கு வருமான்னு தெரியல."

அண்ணி எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். நானும் அந்த உயர நாற்காலியிலிருந்து இறங்கினேன். எனக்கு ஆமென் போதவில்லை. வாயைத் திறந்தேன்:

"ஆண்டவரே, எனக்கு இதெல்லாம் —"

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அங்கேயும் முடிக்கவில்லை. விம்மிவிட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே.)

9

ஆசிரியர் கூப்பிட்டார். முடிவு எங்கே என்றார். இல்லை என்றேன். "ஒரு கதவாவது சாத்துங்களேன் மேடம்," என்று கெஞ்சினார். சட்டைக் கம்பெனியில் கதவே கிடையாது, வெறும் பிளாஸ்டிக் திரைதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அற்புதம் ஏதாவது நடந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். அக்காவின் கணவருக்குக் கை இன்னும் தூக்க வரவில்லை. பேச்சும் வரவில்லை. ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்ததும் அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே பட்டன் தங்கச்சியின் கதையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். ரொட்டியைப் பாதி மடித்து வைத்தது, பக்கத்து மெஷின்காரி தேநீர் ஊற்றியது, அலமாரியிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது எல்லாவற்றையும். அதைக் கேட்டபோது அவர் முகத்தின் ஒரு பக்கம் சிரித்ததாம். இன்னொரு பக்கத்தால் முடியாது, அதனால் ஒரு பக்கம். சொல்லி நிறுத்தியதும் அவர் கண்ணை எடுக்காமல் அக்காவையே பார்த்தாராம். "அப்புறம்னு கேக்கறார்டி! அவர் எதையாவது கேட்டு எத்தனை நாளாச்சு!" என்று போனில் கத்தினார் அக்கா. பின்னால் யாரோ தப்பாக கியர் போடுகிற சத்தம். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

அதிலிருந்து தினம் ஒரு துண்டு. சொல்லி முடித்த இடத்திலேயே கண்ணை மூடி, பட்டன் தங்கச்சிக்கும் தங்கள் இருவருக்குமாகச் சேர்த்து அக்கா ஜெபிக்கிறார். சில நாள் நீளமாக வருகிறதாம். சில நாள் ஒரு வார்த்தை. சில நாள் ஒன்றும் வராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

தினமும் என்னிடம்தான் கேட்கிறார், இன்றைக்கு என்ன சொல்லட்டும் என்று. எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டேன். கையில் சரக்கு இல்லை. இஸ்திரிப்பெட்டிப் புத்தகம் வேறு காத்திருக்கிறது. அதனால்தான் இதை முடிக்காமல் உங்கள் கையில் தருகிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் அவள் மெஷின் முன்னால் வந்து உட்காருகிறாள். பெடல் மேல் காலை வைக்கிறாள்.

அங்கே அக்காவின் கணவர் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம்?